லவ் பேர்ட்ஸா, காக்டெய்லா?

எங்கள் குடியிருப்பின் அப்பா அம்மாக்களுக்கு,

நான் மூன்றாவது மாடி. உங்கள் பிள்ளைகளிடம் என் பெயரைச் சொன்னால் தெரியாது. 'பறவைப் பாட்டி' என்றால் கதவு வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள்.

போன வாரம் லிஃப்டில் ஒரு அம்மா கேட்டார்: "ஆன்ட்டி, பரீட்சை முடிஞ்சதும் பறவை வாங்கித் தர்றேன்னு பையன்கிட்ட சொல்லிட்டோம். லவ் பேர்ட்ஸ் வாங்கலாமா, காக்டெய்ல் வாங்கலாமா?" நான் வாயைத் திறப்பதற்குள் ஐந்தாவது மாடி வந்துவிட்டது. மறுநாள் காய்கறி வண்டி பக்கத்தில் இன்னொரு அப்பா, அதே கேள்வி. அன்று சாயங்காலம் இரண்டு பிள்ளைகள் நேரே வீட்டுக்கே வந்து, "பாட்டி, நீங்க காக்டெய்ல்னு சொல்லுங்க, ப்ளீஸ்" என்று சிபாரிசு கேட்டார்கள். லிஃப்டில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. அதனால்தான் பராமரிப்புக் கட்டண பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இத்தனை தாள் ஒட்டியிருக்கிறேன். செயலாளர் மன்னிக்கட்டும்.

எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். பதினோரு வருஷமாக வீட்டில் பறவைகள் உண்டு. அதைவிடப் பெரிய தகுதி, நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் உங்கள் கூண்டுகள் என் பால்கனிக்கு வந்துவிடுகின்றன. மே மாதத்தில் அது ஒரு சத்திரம். அவரவர் வீட்டில் பறவை எப்படி இருக்கிறது என்பதைப் பறவையே வந்து சொல்லிவிடுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று ஜோடி ஜோடியாக விற்பது லவ் பேர்ட்ஸ் இல்லை. அதன் பெயர் பட்ஜரிகர், செல்லமாக பட்ஜி. நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வால் குட்டை, உடம்பு குண்டு. கடைக்காரர்கள் அதை 'ஆப்ரிக்கன்' என்று தனியாகச் சொல்வார்கள். நம் பட்ஜி ஆஸ்திரேலியாக்காரி. காக்டெய்லும் அந்த ஊர்தான். அதன் சரியான உச்சரிப்பு 'காக்கட்டீல்'. ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் "காக்டெய்ல்தானே?" என்று திருத்துவார்கள். பாருக்குப் போனவர் கேட்பது மாதிரி இருந்தாலும், நானும் ஊரோடு ஒத்துப்போகிறேன்.

"இது ரெண்டும் எதுக்கு, நம்ம பச்சைக்கிளியே வாங்கிடலாமே" என்று ஒரு தாத்தா சொன்னாராம். வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். 'குஞ்சுலேர்ந்து வளர்த்தது' என்று அட்டைப்பெட்டியில் நீட்டுபவரிடம் வாங்கினாலும் குற்றம்தான். பச்சைக்கிளி பார்க்கும் ஆசை இருந்தால் அதற்கும் சென்னையில் வழி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு ராயப்பேட்டையில் ஜோசப் சேகர் என்பவர் மொட்டை மாடியில் பலகை போட்டு அரிசி வைக்க ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து இறங்கியது பத்திரிகைகளிலெல்லாம் வந்த செய்தி. கூண்டு இல்லாமலே கிளி வளர்த்த மனிதர்.

பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில், கிளி வகைகளில் நான்கே நான்கைத் தவிர மற்ற எல்லாமே இருக்கின்றன. விலக்குப் பெற்ற நான்கில் இவை இரண்டும் உண்டு. இன்னொன்று யார் தெரியுமா? நம் பச்சைக்கிளியேதான். அவர்கள் விட்டதை நம் சட்டம் பிடித்துக்கொண்டது, நல்லதுதான்.

பட்ஜியை 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து மனிதர் வீட்டிலேயே பெருகிப் பெருகி நீலம், வெள்ளை, மஞ்சள், ஊதா என்று புடவைக் கடை மாதிரி ஆகிவிட்டது. காட்டில் அது வெறும் பச்சையும் மஞ்சளும்தான். காக்டெய்ல் காட்டில் சாம்பல் நிறம், கன்னத்தில் குங்குமம் அப்பிய மாதிரி ஆரஞ்சு வட்டம், தலையில் கொண்டை. காக்கட்டூ குடும்பத்திலேயே சிறியது அது. இரண்டுமே மழை எங்கே பெய்து புல் எங்கே விளைகிறதோ அங்கே கூட்டம் கூட்டமாகப் பறந்து போகிற நாடோடிகள். இதை மறக்காதீர்கள். கூட்டமாக வாழப் பிறந்த உயிரைத்தான் ஒற்றையாகவோ இரட்டையாகவோ உங்கள் வரவேற்பறையில் கொண்டுவந்து வைக்கப் போகிறீர்கள்.

அளவில் வித்தியாசம் பெரிது. பட்ஜி 30லிருந்து 40 கிராம். ஒரு கோழிமுட்டை அதைவிடக் கனம். காக்டெய்ல் 80லிருந்து 100 கிராம், நீளம் ஓர் அடிக்கு மேல், அதில் பாதி வால். விலையிலும் அப்படித்தான்: பட்ஜி ஜோடி சில நூறு ரூபாய், காக்டெய்ல் சில ஆயிரம்.

இந்த விலைதான் பட்ஜிக்குச் சாபம் என்பது என் எண்ணம். செருப்பு விலைக்குக் கிடைக்கிற உயிரைச் செருப்பு மாதிரியே நடத்துகிறோம். செத்தால் இன்னொன்று. பாதிப் பேர் அதற்குப் பெயர்கூட வைப்பதில்லை. 'ப்ளூ ஒண்ணு, எல்லோ ஒண்ணு' என்கிறார்கள். ஐந்து வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை வாழக்கூடிய பறவை, ஒன்றரை வருஷத்தில் போய்ச் சேருகிறது. 'லவ் பேர்ட்ஸ் ரொம்ப நாள் இருக்காது' என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். இருக்க விட்டால்தானே.

சத்தத்துக்கு வருகிறேன். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கப் போவது அதைத்தான்.

பட்ஜி நாள் முழுக்கச் சளசளக்கும். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்த இரண்டு சிநேகிதிகள் போல, தணிந்த குரலில், நிறுத்தாமல். சுவரைத் தாண்டாது. மதியம் தூங்குபவருக்கு முதல் வாரம் தொந்தரவு, இரண்டாம் வாரம் தாலாட்டு. காக்டெய்ல் பெரும்பாலும் அமைதி. ஆனால் தன் ஆள் கண்ணைவிட்டு மறைந்ததும் ஒரு கூப்பாடு போடும் பாருங்கள், ஒற்றை ஸ்வரத்தில், கூராக, பதில் வரும் வரைக்கும். நீங்கள் குளியலறையில் இருந்தால் அங்கிருந்தே விசில் அடித்துப் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன். என் கணவர் மாட்டேன் என்று இரண்டு வருஷம் வீம்பு பிடித்தார். இப்போது அவரும் சொல்கிறார்.

ஆண் காக்டெய்லுக்கு விசில்தான் உயிர். எங்கள் சாம்பு (சாம்பல் நிறம், அதனால் சாம்பு) வந்த மூன்றாம் மாதம், வீட்டில் பருப்பு வேகாமல் இருக்கத் தொடங்கியது. மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைப்பது என் கணவர் வேலை. எண்ணித்தான் அணைக்கிறார், பருப்பு கல்லாக இருக்கிறது. குக்கருக்கு கேஸ்கெட் மாற்றினோம். புதுப் பருப்பு வாங்கினோம். ஒருநாள் நானே சமையலறையில் நின்று பார்த்தேன். முதல் விசில் குக்கர். இரண்டாவது, வரவேற்பறையிலிருந்து. ஆவி 'ஸ்ஸ்' என்று அடங்குவது வரைக்கும் அச்சு அசலாக.

பேச்சு வேண்டும் என்றால் பட்ஜிதான் சூரன், அதிலும் ஆண். இங்கிலாந்தில் ஸ்பார்க்கி வில்லியம்ஸ் என்று ஒரு பட்ஜி இருந்தது. 1958இல் பிபிசி நடத்திய பேசும் பறவைப் போட்டியில் பரிசு வாங்கியது. ஐந்நூறுக்கு மேல் சொற்கள் தெரியும். அதன் பேச்சை இசைத்தட்டாகவே போட்டார்கள். 1962இல் இறந்த பிறகு பாடம் செய்து நியூகாசில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பக் என்ற பட்ஜிக்கு 1,728 சொற்கள் என்று கின்னஸில் பதிவு. பட்ஜியின் பேச்சு ரொம்ப வேகம், பழைய டேப்பை வேகமாக ஓடவிட்ட மாதிரி. காது பழகாதவருக்கு அது வெறும் சளசளப்பு. காக்டெய்ல் நாலைந்து வார்த்தை சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் பேசும் பட்ஜியைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். அது பேசுகிறது என்றால், பேச அதற்கு வேறு பறவை இல்லை. ஜோடியாக வைத்தால் அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும். உங்கள் 'ஹலோ'வுக்கு அங்கே இடம் இல்லை. ஒற்றையாக வைத்தால் வீட்டு மனிதர்களே அதன் கூட்டம். கூட்டத்தின் மொழியை அது கற்றுக்கொள்கிறது. காலை எட்டு மணிக்கு ஆபீசும் பள்ளியுமாக எல்லோரும் கிளம்பி, மாலை ஆறுக்குத் திரும்புகிற வீட்டில் ஒற்றை பட்ஜி என்பது பத்து மணி நேரத் தனிமைச் சிறை. அந்த வீட்டில் ஜோடியாக வையுங்கள், பேச்சை மறந்துவிடுங்கள். பார்ப்பதே பேரானந்தம். கொத்தமல்லிக் கட்டைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட கூண்டுத் தரையில் போட்டுப் பாருங்கள். எங்கள் தினையும் சாமையும் (பேத்தி வைத்த பெயர்கள்) இலைக்கு நடுவில் புகுந்து, மல்லாந்து, உருண்டு, தலையிலிருந்து வால் வரை நனைந்து, எலிக்குஞ்சு மாதிரி வெளியே வரும். கிண்ணத்துத் தண்ணீரில் குளிக்க மாட்டார்கள்; இலைதான் அவர்களுக்கு ஓடை. குளித்து முடித்ததும் சோப்பை மென்று தின்பவர்களைப் போல அந்த இலையையே சாப்பிடவும் செய்வார்கள்.

தொட்டுக் கொஞ்ச ஆசைப்படும் பிள்ளைக்குப் பட்ஜி ஏமாற்றம் தரலாம். பழகிய பட்ஜி விரலில் உட்காரும், தோளில் உட்காரும், தடவ விடாது. காக்டெய்ல் அப்படி இல்லை. மனம் வந்தால் தலையைக் குனிந்து, கொண்டையைச் சரித்து, 'சொறி' என்று நிற்கும். நிறுத்தினால் உங்கள் விரலைத் தலையால் முட்டும். அதன் கொண்டை ஒரு கொடிக்கம்பம். நிமிர்ந்து நின்றால் பயம் அல்லது ஆச்சரியம். பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படிந்து, வாயிலிருந்து 'உஸ்' வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பட்ஜியின் கொத்து எறும்புக் கடி. காக்டெய்ல் கடித்தால் ரத்தம் வரும்.

இப்போது காக்டெய்லின் இரண்டு தொல்லைகள். கடையில் இவற்றைச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று, பவுடர். அதன் இறகுக்கு அடியில் நுண்ணிய வெள்ளைத் தூள் உண்டாகிக்கொண்டே இருக்கும். உடம்பை உதறினால் வெயில் கீற்றில் புகைபோலத் தெரியும். டிவி மேல் படியும், கறுப்பு சோபாவில் படியும், சுவாமி படத்தின் கண்ணாடியில் படியும். தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பட்ஜிக்கும் கொஞ்சம் உண்டு, இவ்வளவு இல்லை. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் காக்டெய்ல் கூடவே கூடாது. பட்ஜியும் டாக்டரைக் கேட்டுத்தான். இதில் நான் பிடிவாதக்காரி. இன்ஹேலர் வைத்திருக்கும் குழந்தை அழுதாலும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது, ராத்திரி. சாம்பு வந்த புதிதில் ஒருநாள் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. கும்மிருட்டில் பல்லியோ கரப்பானோ எதுவோ கூண்டைக் கடந்திருக்கிறது. படபடவென்று ஒரு சத்தம், தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பு கூண்டுக்குள் மேலும் கீழும் மோதிக்கொண்டிருக்கிறது. கம்பியெல்லாம் ரத்தத் துளி. இறக்கையில் வளர்ந்துகொண்டிருந்த புது இறகு ஒன்று முறிந்திருந்தது. அந்த மாதிரி இறகுக்குள் ரத்த ஓட்டம் இருக்கும், உடைந்தால் ஒழுகும். என் கணவர் துண்டில் சுற்றிப் பிடிக்க, சோள மாவைக் கிள்ளி அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு இருபது நிமிஷம் தரையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளங்கையில் அதன் இதயம் துடித்தது. துடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, ரீங்காரம். அன்றிலிருந்து கூண்டுக்குப் பக்கத்தில் பேட்டரியில் எரியும் சின்ன இரவு விளக்கு. இருட்டில் திடுக்கிட்டு இப்படி அடித்துக்கொள்வது காக்டெய்லிடம் அதிகம் உள்ள குணம். பக்கத்துக் கூண்டில் தினையும் சாமையும் ஒரு முறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வருஷக் கணக்கு. காக்டெய்லின் ஆயுள் பதினைந்திலிருந்து இருபது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும். உங்கள் பையன் இப்போது நான்காம் வகுப்பு, ஒன்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவைக்குப் பதினைந்து ஆகும்போது அவனுக்கு இருபத்து நான்கு. நடுவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீட்டோ ஜேஇஇயோ, விடுதி, வெளியூர் வேலை. நீங்கள் வாங்குவது பையனுக்கு இல்லை. உங்களுக்கு, அல்லது உங்கள் மாமியாருக்கு.

சாம்பு என்னிடம் வந்ததே அப்படித்தான். பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சி பிளாக்கில் ஒரு பையன். ஆறாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கினான். கையிலேயே வளர்த்தான், ஒரு சினிமாப் பாட்டின் முதல் வரியை விசிலில் சொல்லிக்கொடுத்தான். கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போனான். வீட்டில் அம்மா தினமும் சாயங்காலம் வீடியோ கால் போட்டு போனைக் கூண்டுக்கு நேரே பிடிப்பார். குரல் கேட்டதும் சாம்பு போனுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கும். ஆள் அங்கே ஒளிந்திருப்பதாக அதன் எண்ணம். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு பெங்களூர் மாற்றலானபோது கூண்டு என் வீட்டுக்கு வந்தது. பையன் மீது ஒரு குற்றமும் இல்லை. பதினொரு வயதில் யாருக்குத்தான் இருபது வருஷம் தெரியும்? போன தீபாவளிக்கு வந்திருந்தான், இப்போது மீசை, கண்ணாடி. சாம்பு கொண்டையை நிமிர்த்தி, ஒரு கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தது. விரலை நீட்டினான். நறுக்கென்று கடித்தது. அவன் கையை எடுக்கவில்லை. பிறகு தலையைக் குனிந்து நின்றது.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டால் கவனிக்க வேண்டியவை சில. பட்ஜிக் குஞ்சுக்கு நெற்றி முழுக்க, அலகு வரை, கறுப்புக் கோடுகள் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி சுத்தமாகிவிடும். கோடு உள்ளதுதான் எளிதில் பழகும். எனக்கு ஒரு கடையில் 'போன மாசம் பொரிச்சது' என்று வழுக்கை நெற்றிக் கிழவியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. வளர்ந்த பட்ஜியின் அலகுக்கு மேலே, மூக்குத் துவாரம் இருக்கும் மெழுகு போன்ற பகுதி நீலமாக இருந்தால் ஆண், பழுப்பானால் பெண். வெள்ளை, மஞ்சள் பறவைகளில் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. காக்டெய்ல் குஞ்சில் ஆண் பெண் சொல்பவர் பெரும்பாலும் ஜோசியம் சொல்கிறார். சாம்பல் நிற ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாவதே முதல் இறகு உதிர்ந்த பிறகுதான்.

'ஹேண்ட் ஃபீட்' குஞ்சு என்று, தானே தின்னத் தெரியாத சிவப்புத் தோல் குஞ்சை ஊசிக்குழாயோடு கொடுத்தால் வாங்காதீர்கள். கஞ்சி கொஞ்சம் சூடானால் தொண்டைக்குக் கீழே உணவு தங்கும் பை வெந்து ஓட்டையாகிவிடும். அது பழகினவர் கை வேலை. தானாகத் தானியம் கொறிக்கும் பறவையை வாங்குங்கள். பழக்கம் பொறுமையில் வரும்.

கூண்டு வட்டமாக வேண்டாம், நீளமாக இருக்கட்டும். பறவை பறப்பது பக்கவாட்டில்தான், ஹெலிகாப்டர் மாதிரி மேலே இல்லை. உட்காரக் கடையில் தரும் வழுவழு பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளை, வேப்பங்கிளை வையுங்கள். வெளியே விடும் நேரத்தில் மின்விசிறி சுவிட்சில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். நம்மூர் வீட்டில் பறவைக்கு எமன் பூனை இல்லை, தலைக்கு மேல் சுற்றுவது. அடுத்த எமன் நான்ஸ்டிக் சட்டி. அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் புகை, நமக்கு மணம்கூடத் தெரியாது, பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். இரும்பு தோசைக்கல்லுக்குத் திரும்ப இது நல்ல சாக்கு. கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எல்லாம் அடுத்த அறையில். மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்கு அடியில் கூண்டு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அக்னி நட்சத்திரத்தில் மதியம் ஒரு மணிக்கு அவரே அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

தீனி: தினை, சாமை, கம்பு. கூடவே தினம் பச்சையாக ஏதாவது: முருங்கைக்கீரை, கேரட், முளைகட்டிய பச்சைப்பயறு. வெறும் தானியத்திலேயே வளர்கிற பட்ஜிக்குக் கொழுப்புக் கட்டி, அயோடின் குறைந்து கழுத்து வீக்கம் எல்லாம் வரும். காக்டெய்லுக்குச் சூரியகாந்தி விதை நம் பிள்ளைகளுக்குச் சிப்ஸ் மாதிரி. வைத்தால் வேறு எதையும் தொடாது. அவகாடோ, சாக்லேட் இரண்டும் விஷம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள், பறவைக் கடை விலையில் பாதிக்குக் கிடைக்கும். முட்டையிடும் பெட்டைக்கு அது இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கு ஆபத்தாகும்.

முதல் வருஷம் நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று தினை போடவில்லை. மூன்றாம் நாள் பறவை மந்தமாக இருக்க, சந்தேகப்பட்டு ஊதிப் பார்த்தேன். கிண்ணம் முழுதும் பறந்துபோனது. அத்தனையும் உமி. பட்ஜி தோலை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிடும், பார்வைக்கு நிறைகிண்ணம். தினமும் ஊதுங்கள்.

பறவை தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிவதைத்தானே பருந்து தூக்கும்? அதனால் அது உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு கீழ்த்தட்டில் உட்காரும்போது நமக்குத் தாமதமாகிவிட்டது. சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைக்கிறேன்; 35 கிராம் உயிருக்கு மூன்று கிராம் குறைவது, எனக்கு ஐந்து கிலோவுக்கு மேல் இளைத்த மாதிரி. நாய் பூனை டாக்டர் எல்லோரும் பறவை பார்ப்பதில்லை, விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதை மறக்க வேண்டாம். உங்களில் யாருக்காவது நீங்காத காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ந்த எச்சத் தூளிலிருந்து நுரையீரலுக்கு வரும் தொற்று ஒன்று உண்டு. மருந்துக்குக் கேட்கும், டாக்டருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

இனி என் தீர்ப்பு. லிஃப்டில் கேட்ட அம்மாவுக்கு: நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். இரண்டு பட்ஜி வாங்குங்கள், பெரிய கூண்டு வாங்குங்கள், பெயர் வையுங்கள். காய்கறி வண்டி அப்பாவுக்கு: உங்கள் அம்மா நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார், சீரியலுக்கு நடுவில் பேச ஆள் தேடுகிறார். அவரைக் கேளுங்கள், பையனைக் கேட்காதீர்கள். அவர் சரி என்றால் காக்டெய்ல். சிபாரிசு கேட்டு வந்த இருவருக்கும்: நீங்கள் முதலில் என் பால்கனியில் ஒரு மாதம் கூண்டுத் தட்டு கழுவுங்கள், பிறகு பேசலாம். பரீட்சைக்குப் பரிசாக வாங்குவதாக இருந்தால் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, மே மாதத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு. சத்திரத்தில் மூன்று கூண்டுக்குத்தான் இடம். ஒன்று ஏற்கெனவே பதிவாகிவிட்டது. தினை உங்கள் செலவு. ராத்திரி போர்த்தும் துணியைக் கொண்டுவாருங்கள், பழக்கமான துணியாக. முக்கியமாக, கூண்டில் தொங்கும் அந்த மண் பானையைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். பானையைக் கண்டால் பட்ஜி முட்டையிடும். நாலைந்து முட்டை, பதினெட்டு நாள், பெட்டை உள்ளே உட்கார ஆண் வாசலில் ஊட்டிக்கொண்டிருக்கும். போன வருஷம் பி பிளாக்கிலிருந்து இரண்டு பறவை வந்து, ஜூன் மாதம் ஆறாகத் திரும்பிப் போயின. அந்த வீட்டம்மா இன்னமும் என்னைப் பார்த்தால் படியில் இறங்கிவிடுகிறார்.

அன்புடன்,
மூன்றாவது மாடி, பறவைப் பாட்டி